பொள்ளாச்சி ரோட்டு மெஸ்ஸும் அதன் மேற்குச் சுவரும்

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பசியோடு படிக்கிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் ரோட்டில், கோமங்கலம் தாண்டியதும், இடது கைப்பக்கம் ஓடு வேய்ந்த ஒரு மெஸ். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இலை கிடைக்காது. வாசலில் ஒரு புளியமரம், அதன் கீழே இளநீர் வண்டி, அதற்கு அப்பால் ‘வீட்டுமனைகள் விற்பனைக்கு’ என்று ஒரு மஞ்சள் போர்டு. மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

மதியச் சாப்பாடு 130 ரூபாய். சனிக்கிழமை மட்டும் அரிசியும் பருப்பும் சாதம். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். குழையவும் கூடாது, உதிரியாகவும் நிற்கக் கூடாது. அந்த நடுப்பதம் இங்கே ஒவ்வொரு தடவையும் சரியாக வருகிறது. மேலே விடும் நெய்க்குக் காசு தனி. கேட்காமலே விட்டுவிட்டுப் பில்லில் சேர்க்கிற பழக்கம் இல்லை. மற்ற நாட்களில் கொள்ளுப் பருப்பும், கொள்ளு வேகவைத்த தண்ணீரில் வைத்த ரசமும். ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடியுங்கள், இலையில் ஊற்றி வீணாக்காதீர்கள். பச்சைப்பயறு கடைசலுக்கு மிளகாய் வதக்கும்போது வருகிற நெடியில் முன்வரிசைக்காரர்கள் எல்லாம் ஒருமுறை தும்முவார்கள். அதையும் ஒரு நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அசைவத்தில் பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊரின் பெயரை வைத்து இன்றைக்கு எங்கெங்கோ என்னென்னவோ விற்கிறார்கள். தக்காளி போட்டு, மசாலாத்தூள் கொட்டி, கறிவேப்பிலையைப் பொரித்து மேலே தூவி ஏமாற்றுகிறார்கள். இங்கே அந்த வேலை இல்லை. விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், சிறிதாக வெட்டிய கோழி. தேங்காய்ப் பல் ஓரம் மட்டும் சிவந்து, கடித்தால் உள்ளே பால் இருக்க வேண்டும். இருக்கிறது.

குறைகளும் உண்டு. பொரியலுக்குத் தேங்காய்ப்பூ அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் கடை வைத்திருக்கிறோம் என்பதை இலையிலும் நிரூபிக்க வேண்டுமா? காபி சுமார். நாட்டுச்சர்க்கரை போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருக்கும், தண்ணீர் நூலளவு வரும். போதும், சாப்பாட்டுக்கு இவ்வளவுதான்.

நான் இதை எழுத உட்கார்ந்தது மேற்குச் சுவரில் இருக்கிற படத்துக்காக.

உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுவரில் படம் இருந்தால் இலையைப் பார்க்க மாட்டேன். இங்கே பதினாலடி நீளம், ஆறடி உயரத்துக்கு ஒரு படம். முன்னால் ஒரு கல் திண்ணை, அதன்மேல் காய்கறி, பழம், பாத்திரம். பின்னால் வயல், கிணறு, வாய்க்கால், மலை. அசையாப் பொருள்களை வரைகிற படங்களில் பெரும்பாலும் பின்னால் ஒரு சுவரோ இருட்டோதான் இருக்கும். கண் அங்கேயே தட்டி நின்று, பொருளைப் பார்க்கத் திரும்பிவிடும். பின்னால் ஒரு நிலத்தைத் திறந்துவிட்டால் கதையே வேறு. கண் முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்துகொண்டே இருக்கும். இந்தக் காயும் இந்த நிலமும் ஒன்றுக்கொன்று என்ன முறை என்று கேட்கத் தோன்றும்.

திண்ணையில் இடமிருந்து வலமாகச் சொல்கிறேன். செவ்விளநீர்க் குலை. அதை ஒட்டி உரித்த தேங்காய்கள், ஒன்று உடைத்து வைத்தது. பாதி பிளந்த பலா. தலைவாழை இலையின் நுனி. அதன்மேல் மொச்சைக்காய், சின்ன வெங்காயம், மாம்பழம். மண் ஒட்டிய மரவள்ளிக்கிழங்கு. நடுவில் ஆளின் இடுப்பளவுக்கு ஒரு அரசாணிக்காய், அதாவது பரங்கிக்காய். பித்தளைச் சொம்பு. வலது ஓரத்தில் சோளக்கதிர் கட்டு. கடைசியாக ஒரு அரிவாள், பிடி மட்டும் திண்ணை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. டச்சு ஓவியர்கள் மேஜை விளிம்பில் கத்தியையும் உரித்த எலுமிச்சைத் தோலையும் இப்படித்தான் வெளியே தொங்க விடுவார்கள். பார்க்கிறவனின் கை தானாக நீளும். அந்த மேஜையில் உட்கார்ந்த ஒரு சின்னப் பையன் பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நானே பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் மங்கிப் போயிருக்கிறது, இத்தனை வருஷத்தில் அவன் முதல் ஆள் இல்லை.

வரைந்தவர் கோயமுத்தூரில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தவராம். டிஜிட்டல் பேனர் வந்து அந்தத் தொழிலே படுத்த சமயத்தில், மெஸ்காரரின் அப்பா கூட்டிவந்து வேலை கொடுத்திருக்கிறார். சொல்லியிருக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். மாம்பழத்தின் நிழல்பக்கம் பழுப்பாக இல்லை, நீலமாக இருக்கிறது. வெளிச்சம் படும் விளிம்பில் ரோஸ். கதாநாயகனின் கன்னத்துக்குப் போடுகிற அதே வர்ணம். நாற்பதடி பேனரை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது அந்த நீலம்தான் முகத்தைத் தூக்கிக் காட்டும். எட்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மாம்பழம் ஏதோ வசனம் பேசப் போகிறது என்று தோன்றுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. பழத்துக்கு இப்படி ஒரு நட்சத்திர மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

சாப்பிடுகிற இடத்தில் சாப்பாட்டுப் பொருளை வரைவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கிரேக்கர்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளியை முதல் நாள் கூடவே உட்கார வைத்துச் சாப்பிடுவார்களாம். மறுநாளிலிருந்து கோழி, முட்டை, காய், பழம் என்று தோட்டத்து விளைச்சலை அவர் தங்கியிருக்கும் பக்கமே அனுப்பிவிடுவார்களாம். அப்படி அனுப்பும் பொருள்களை வரைந்த படங்களுக்கு ஓவியர்கள் விருந்தாளிப் பரிசு என்றே பெயர் வைத்தார்கள் என்று ரோமானியக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை மூடிய பாம்பெய் நகரில், ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணியின் மாளிகைச் சுவரில் ஒரு தட்டு நிறைய முட்டை, தொங்கும் பறவைகள், வெண்கலப் பாத்திரங்கள் என்று வரைந்திருந்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே மாளிகையின் வெளிச்சுவரில் இன்னொன்றும் கிடைத்தது: குளியல் கூடம், கடைகள், மாடி அறைகள் ஐந்து வருஷக் குத்தகைக்கு விடப்படும் என்ற விளம்பரம். உள்ளே முட்டை, வெளியே வாடகை போர்டு. இந்த மஞ்சள் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் ஞாபகம் வரும்.

இந்தப் படத்தில் மொச்சையும் மாம்பழமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மொச்சை மார்கழி, தையில் காய்ப்பது. மாம்பழம் சித்திரை, வைகாசி. இரண்டையும் ஒரே திண்ணையில் ஒரே நாளில் வைக்க முடியாது. பேனர்காரருக்கு விவசாயம் தெரியாது என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1600களின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அன்ட்வெர்ப்பில் இருந்த ஓவியர் மூத்த யான் பிரூகல், வெவ்வேறு பருவங்களில் பூக்கிற பூக்களை ஒரே ஜாடியில் வரைந்தார். எந்தத் தோட்டத்திலும் ஒரே காலையில் பறிக்க முடியாத பூச்செண்டு அது. பார்த்ததை வரைவது ஒன்று, வேண்டிக்கொண்டதை வரைவது இன்னொன்று. வருஷம் பூராவும் வீட்டில் விளைச்சல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற குடியானவனின் ஆசைக்கு மாசக்கணக்கு ஏது?

அடுத்தது வெளிச்சம். இதை நான் கண்டுபிடித்தது சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் நடுவில். திண்ணையில் இருக்கிற பொருள்கள் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிறது. சொம்பின் இடது தோளில் வெள்ளைப் புள்ளி, நிழல் எல்லாம் வலப்பக்கம். ஆனால் பின்னால் இருக்கிற நிலத்தில் சூரியன் வலது மூலையில், இரண்டு மலைக்கு நடுவில், சிவப்பாக நிற்கிறது. ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம்! மாணவனாக இருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன். ஆனால் மெஸ்ஸின் வாசல் தெற்குப் பார்த்தது. மேற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வாசல் இடது கைப்பக்கம். நிஜமான வெயில் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தேதான் படத்தில் உள்ள காய்க்கும் வெளிச்சம் வருகிறது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரின் பிராங்காச்சி சிற்றாலயத்தில் ஓவியர் மசாச்சியோ 1420களில் சுவரோவியம் வரைந்தபோது, அங்கே இருந்த நிஜச் சன்னலின் வெளிச்சத்தையே படத்துக்குள்ளும் கொண்டுவந்தார். பேனர்காரர் மசாச்சியோவைக் கேள்விப்பட்டிருப்பாரோ இல்லையோ, சாரத்தில் ஏறி நின்று வேலை செய்கிறவனுக்கு எந்தப் பக்கம் வெயில் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, திண்ணையும் காயும் இந்த அறைக்குள் இருக்கின்றன. நம்மோடு, நம் வெளிச்சத்தில், இன்றைக்கு. பின்னால் இருக்கிற நிலம் வேறு ஒரு நேரத்தில் இருக்கிறது. அந்தச் சூரியனுக்கு இந்தச் சொம்பு தெரியாது.

அந்த நிலத்தைப் பார்ப்போம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே நெளிந்து வரும் தண்ணீர். தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தை கையில் கிரேயானைக் கொடுத்தாலும் வருகிற படம். என் பணிக்காலம் முழுவதும் அதற்கு மார்க் போட்டிருக்கிறேன். ஆனைமலை நமக்குத் தெற்கே இருக்கிறது, அங்கே எந்தச் சூரியனும் உதிப்பதில்லை. சரி, போகட்டும். சிகரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அது மேகம் என்கிறாள் என் மனைவி. எனக்கு, பெயிண்ட் உரிந்து கீழே இருக்கிற சுண்ணாம்பு தெரிகிறது என்று எண்ணம். சுண்ணாம்புப் பூச்சுமேல் நேராக எனாமல் அடித்தால் சுண்ணாம்பின் காரம் பெயிண்டில் உள்ள எண்ணெயைத் தின்று, நாளடைவில் செதில் செதிலாக உதிரும். மெஸ்காரத் தம்பி வந்து இரண்டு பேர் வாயையும் அடைத்தார்.

“அது பனிங் சார். மலைய மட்டும் ஒரு காலண்டர்ல இருந்து எடுத்து வரைஞ்சதுங். காஷ்மீரோ என்னமோ.”

கேரளத்து ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அங்கேயே பனிமலை கிடையாது. நம் திருமூர்த்தி மலைக்குப் பக்கத்தில் இமயமலையை இறக்கி வைத்துவிட்டார் மனுஷன்.

இதுவரை சொன்னது தூரத்து மலையும் பக்கத்துத் திண்ணையும். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நிலம் எங்கே? இந்த மாதிரிப் படங்களில் எப்போதும் நடப்பது இதுதான். காயும் பழமும் கண்ணுக்கு நேரே குவிந்து, நடுநிலத்தை மறைத்துவிடும். பக்கத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும், தூரத்தில் உள்ளது அழகாகத் தெரியும். வேலை நடக்கிற இடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் காணாமல் போய்விடும். உழுகிறவன், களை எடுக்கிறவள், மரம் ஏறுகிறவன் எல்லாரும் அந்த அரசாணிக்காய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அரசாணிக்காய் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அதை நான் கவனிக்கவில்லை, என் மனைவிதான் சொன்னாள். அவள் தாராபுரம் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். ரசம் குடித்துக்கொண்டே, “ஏனுங்க, அது இன்னும் பறிக்கலைங்க,” என்றாள். பார்த்தால், ஆமாம். மற்ற எல்லாம் அறுத்து, வெட்டி, பிடுங்கி, உடைத்து வைத்தவை. அரசாணிக்காய்க்கு மட்டும் காம்பு அறுபடவில்லை. கொடி திண்ணையின் பின்பக்கமாக இறங்கி, ஒரு இலை, இன்னொரு இலை என்று சிறுத்துக்கொண்டே வயலுக்குள் போகிறது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் இணைக்கிற ஒரே கோடு அதுதான். அந்தக் காய் இன்னும் உயிரோடு இருக்கிறது, அந்த நிலத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. கொடி போகிற வழியே கண்ணை விட்டால் நேராகக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தும். பேனர்காரர் வேண்டுமென்றே செய்ததுதான் என்று அடித்துச் சொல்வேன். அலங்காரத்துக்காக வரைந்த கொடி இவ்வளவு சரியாக ஒரு இடத்தில் போய் முடியாது.

கிணற்றுக்கு வருவதற்கு முன்னால் ஆல்பர்ட் எக்ஹௌட்டைப் பற்றிக் கொஞ்சம். மரவள்ளியையும் தேங்காயையும் ஒரே திண்ணையில் பார்த்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார். டச்சுக்காரர்கள் பிரேசிலின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தபோது, 1637 முதல் 1644 வரை அங்கே ஆளுநராக இருந்த யோஹான் மௌரிட்ஸ் கூட்டிப்போன ஓவியர். அந்த நாட்டு விளைச்சலை அவர் வரைந்த பன்னிரண்டு படங்கள் இன்றும் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1654-ல் மௌரிட்ஸ் டென்மார்க் அரசருக்குக் கொடுத்த பரிசு. மரவள்ளிக்கு ஒரு படம், தேங்காய்க்கு ஒரு படம், அன்னாசி, தர்பூசணி, சுரைக்குடுக்கை என்று போகும். எல்லாம் ஒரு கல் விளிம்பில், பின்னால் மேகம் திரண்ட வானம். வானம் மட்டும்தான். நிலம் கிடையாது. பொருள்களைத் தாழ்ந்த கண்மட்டத்திலிருந்து வரைந்திருப்பதால் தரை நம் பார்வைக்கே வராது. அந்தத் தரையில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவந்த அடிமைகள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக்காகத்தான் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அங்கே போனதே. பழத்தைக் காட்டிவிட்டுத் தரையை மறைத்த அந்த வானத்தை என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடிவதில்லை.

இன்னொரு வேடிக்கை. மரவள்ளி தென்னமெரிக்கச் சரக்கு. இன்றைக்குச் சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் ஓடுவது அதனால். தென்னை பிரேசிலுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுபோனது. அங்கே வந்தேறி தென்னை, இங்கே வந்தேறி மரவள்ளி. அரசாணிக்காயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்று சொன்னேன். மனைவி நம்பவில்லை. எங்க அப்புச்சி காலத்திலிருந்து இருக்குதுங்க என்றாள். அதுவும் உண்மைதான்.

இப்போது கிணறு. விரல் நீளத்துக்குத்தான் வரைந்திருக்கிறார், ஆனால் படத்திலேயே பொறுமையாக வரைந்த இடம் அதுதான். கல்கட்டுக் கிணறு, கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது) பூட்டி இரண்டு மாடு சரிவில் இறங்குகின்றன, கயிற்றின்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒற்றைப் பனை. கொஞ்சம் தள்ளி வெள்ளி ரேகையாக பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1932-ல் வந்தபிறகு நம் ஜில்லாவில் கிணறுகளுக்கு மோட்டார் ஏறத் தொடங்கி, கவலை கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்தது. வாய்க்கால் 1960களின் சமாச்சாரம். இரண்டும் ஒரே காட்சியில் இருக்கின்றன. மலை காலண்டர் என்றால் கிணறும் காலண்டரா என்று தம்பியைக் கேட்டேன்.

“இல்லீங் சார். அது எங்க தோட்டத்துக் கிணறுங். கவலை ஓட்டுனது எங்க தாத்தாங். அப்பா அந்த பெயிண்டர மொபெட்ல உக்கார வெச்சு ரெண்டு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டுனாருங். பனைமரம் எந்தப் பக்கம்னு அவருக்கு வராமப் போயி, அழிச்சு அழிச்சு வரைஞ்சாருங்.”

“இப்ப தோட்டம்?”

“வித்தாச்சுங். சைட் போட்டுட்டாங்க. அந்தா போர்டு இருக்குதல்லங், அதுக்குப் பொறத்தாலதான்.”

அவர் சொன்னது சாதாரணமாகத்தான். அடுத்த மேஜைக்கு மோர் ஊற்றப் போய்விட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அன்ட்வெர்ப்பில் இருந்த ஓவியர் பீட்டர் ஆர்ட்சன் 1551-ல் வரைந்த இறைச்சிக்கடை. முன்னால் தோலுரித்த மாட்டுத்தலை, பன்றிக்கால், மீன், கோழி, தொத்திறைச்சி, வெண்ணெய் என்று மூச்சு முட்டுகிற குவியல். அதன் இடுக்கு வழியாகப் பின்னால் ஒரு சின்ன நிலக்காட்சி. அங்கே எகிப்துக்குத் தப்பி ஓடுகிற மரியாள் கழுதைமேல் உட்கார்ந்தபடி ஒரு ஏழைக்கு ரொட்டி கொடுக்கிறாள். கறியைப் பார்த்துப் பிரமித்து நிற்கிறவன் கண்ணுக்கு அது படவே படாது. படத்தின் மேல் வலது பக்கம் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறது: பின்னால் உள்ள நிலம் விற்பனைக்கு, துண்டாகவும் வாங்கலாம், மொத்தமாகவும் வாங்கலாம். அன்ட்வெர்ப் நகரம் வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. தானத்தைச் சொல்கிற படம் என்பார்கள், பேராசையைச் சொல்கிற படம் என்பார்கள், இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் படிக்க முடியாது. ஓவியர் அதை மறக்காமல் உள்ளே மாட்டினார். இங்கே பலகை சுவருக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் இந்தப் படத்தைச் சாப்பாட்டுக் கடை அலங்காரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பழமும் காயும் கூட்டத்தை நிறுத்தி வைக்கிற வேலையைச் செய்கின்றன. படத்தைச் சொல்லி வரைய வைத்த மனிதருக்கு வேண்டியிருந்தது பின்னால் இருக்கிற விரல் நீளக் கிணறு. மலையை எந்தக் காலண்டரிலிருந்து எடுத்தால் என்ன என்று விட்டவர், பனை எந்தப் பக்கம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தில் உள்ள தென்னையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓலை எல்லாம் பளபளவென்று பச்சை. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நிஜத் தோப்பைப் பார்த்தால் கீழ் ஓலைகளில் கரியை அப்பியதுபோல் கரும்பூசணம். 2016-ல் இந்தியாவில் முதன்முதலாக இந்தப் பொள்ளாச்சிப் பக்கம்தான் சுருள் வெள்ளை ஈயைக் கண்டார்கள். அது சுரக்கிற தேன் போன்ற திரவம் கீழ் ஓலைமேல் விழுந்து அதில் பூசணம் பிடிக்கிறது. போதாததற்கு வேர் வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பாக மரத்தை வெட்டுகிறார்கள். சுவரில் இருப்பது அதற்கு முந்தைய தென்னை. பேனர்காரர் அப்போது பார்த்ததைத்தான் வரைந்தார், நமக்கு அது சரித்திரமாகிவிட்டது.

இனி நிர்வாகத்தின் மேல் என் வருத்தம். வானத்தில் ஒரு ஓட்டை போட்டு ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் பலாப்பழத்தின் மேல் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. சொம்புக்கு நேர்கீழே ஒரு பிளக் பாயிண்ட். மலையின் வலப்பக்கத்தை யாரோ எமல்ஷன் வைத்துத் தொட்டிருக்கிறார்கள், அந்த நீலம் மருத்துவமனைச் சுவர் நீலம். உரிந்த இடங்களில் பெரிதாக்குவதற்குப் போட்ட பென்சில் கட்டங்கள் தெரிகின்றன. அதை மட்டும் நான் ரசித்தேன், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரத்தில் எண் கூடப் போட்டிருக்கிறார். கிணறு இருக்கிற கட்டத்தில் மட்டும் இரண்டு மூன்று தடவை அழித்த கரி மங்கலாகத் தெரிகிறது.

அடுத்த வருஷம் கடையைப் புதுப்பிக்கும்போது அங்கே டைல்ஸ் ஒட்டுவதாக ஒரு பேச்சு இருக்கிறதாம், கழுவ வசதி என்று. படத்தை எடுக்கக் கூடாது என்று தம்பியின் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சமையற்கட்டு இன்னும் அந்த அம்மாள் கையில்தான் இருக்கிறது, ஆகவே எனக்கு நம்பிக்கை உண்டு. அதுவரைக்கும் ஒரு யோசனையும் சொல்லிவிட்டு வந்தேன்: உரிகிற இடங்களைச் சுரண்டாமல், ஏ.சி. தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டுவிட்டால் பாதிச் சேதம் நிற்கும். ஐந்நூறு ரூபாய் வேலை. “பண்ணிடலாங் சார்” என்றார். இன்னும் பண்ணவில்லை.

போகிறவர்கள் மதியம் பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுங்கள், சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் அரிசியும் பருப்பும் தீர்ந்துவிடும். கிழக்குச் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தால் படம் முழுதாகத் தெரியும், ஃபேனும் அங்கேதான் நன்றாகச் சுற்றுகிறது. படத்துக்கு ஒட்டிய மேஜை வேண்டாம், அரிவாள் பிடி மட்டும்தான் தெரியும். பள்ளிபாளையம் அரைத் தட்டு மெனுவில் இல்லை, கேட்டால் தருவார்கள். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள், மேலே காக்கைக் கூடு. செவ்வாய்க்கிழமை அசைவம் கிடையாது.